இணையக் காணொளிகளில் விளம்பர இடைவேளை: ஒரு திறனாய்வு

முன்னுரை

இணையக் காணொளி ஒன்றின் தொடக்கத்திலோ நடுவிலோ முடிவிலோ விளம்பரம் காட்டுவதற்காக ஒதுக்கப்படும் இடம் விளம்பர இடைவேளை எனப்படும். பார்ப்பவருக்கு அது சில விநாடித் தொல்லை. காணொளியை உருவாக்குபவருக்கு அது வருமானம். தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அதுவே தொழில். இம்மூவரில் யாருடைய விருப்பப்படி அந்த இடம் தீர்மானிக்கப்படுகிறது என்பதை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. விளம்பரம் அதிகமா, குறைவா என்றுதான் பேசுகிறோம். அது எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று கேட்பதில்லை.

இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. யூடியூப் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பாடம் நடத்தும் காணொளிகளை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. சொல்ல வந்த கருத்து ஒன்றே. இடைவேளையை எங்கே வைப்பது என்பது வெறும் வரவுசெலவு வேலை அன்று. பாடத்தை அமைக்கும் வேலையின் ஒரு பகுதி. பாடநூலில் பத்தி பிரிக்கும் பொறுப்பை அச்சகத்தில் காகிதம் வெட்டுபவரிடம் யாரும் விடுவதில்லை. காணொளியில் மட்டும் அப்படி விட்டுவிடுகிறோம்.

இடைவேளைகளின் வகைகளும் அமைக்கும் முறையும்

விளம்பரம் வரும் இடத்தைக் கொண்டு மூன்று வகைகள் சொல்லப்படுகின்றன. காணொளி தொடங்கும் முன் வருவது ப்ரீரோல். நடுவில் வருவது மிட்ரோல். முடிந்தபின் வருவது போஸ்ட்ரோல். இக்கட்டுரையில் இவற்றை முறையே தொடக்க விளம்பரம், இடைவிளம்பரம், இறுதி விளம்பரம் என்று குறிப்போம்.

முன்பு யூடியூபில் வருவாய்த் திட்டத்தில் சேர்ந்தவர்கள், தம் காணொளிக்குத் தொடக்க விளம்பரம் வேண்டுமா, இறுதி விளம்பரம் வேண்டுமா, தவிர்க்கக்கூடிய விளம்பரமா, தவிர்க்க முடியாத விளம்பரமா என்று தனித்தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது. 2023 நவம்பரில் இந்தத் தேர்வுகள் நீக்கப்பட்டன. விளம்பரம் வேண்டும் அல்லது வேண்டாம் என்ற ஒரே விசையாக அவை சுருங்கின. இடைவிளம்பரத்தின் இடம் மட்டும் உருவாக்குபவரின் கையில் எஞ்சியது. ஆகவே இடைவிளம்பரத்தை அமைக்கும் பக்கம் அவருக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான கட்டுப்பாடு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அமைக்கும் முறை கடினமானது அன்று. யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு காணொளியின் வருவாய்ப் பகுதிக்குச் சென்றால், காணொளி முழுவதும் ஒரு நீண்ட காலக்கோடாகத் தெரியும். அதில் வேண்டிய நேரத்தைத் தட்டச்சு செய்தோ, குறியை இழுத்து வைத்தோ இடைவேளையைக் குறிக்கலாம். 'தானாக அமை' என்ற வசதியும் உண்டு. அதை அழுத்தினால் கணினியே இடங்களைத் தேர்ந்து குறிகளை இட்டுவிடும். இரண்டையும் கலந்தும் வைக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குறி இட்ட இடம் ஒரு வாய்ப்பு மட்டுமே. அந்த இடத்தில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் விளம்பரம் வரும் என்பதில்லை. அவருக்குக் காட்டத் தகுந்த விளம்பரம் அந்நேரத்தில் இருக்கிறதா, சற்று முன்தான் வேறொன்றைப் பார்த்தாரா என்பனவற்றைப் பொறுத்து அது வரலாம், வராமலும் போகலாம். சில வேளைகளில் இரண்டு விளம்பரங்கள் அடுத்தடுத்து வருவதும் உண்டு. எனவே பத்து இடங்களில் குறி வைத்தவருக்குப் பத்து மடங்கு வருமானம் வரும் என்ற எண்ணம் பிழையானது.

யூடியூபுக்கு வெளியேயும் இதே வேலை வேறு பெயர்களில் நடக்கிறது. ஒரு நிறுவனம் தன் காணொளிகளைப் பிறருடைய இயக்கியில் ஓடவிடும்போது, இடைவேளைகள் எந்தெந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை ஒரு பட்டியல் கோப்பாக எழுதி அனுப்ப முடியும். இதற்கென 2012இல் வெளியிடப்பட்ட பொதுத் தரம் வி-மேப் எனப்படுகிறது. விளம்பரத்தைப் பார்ப்பவரின் கருவியே தனியாகத் தருவித்து ஓட்டுவது ஒரு முறை. வழங்கியிலேயே காணொளியோடு தைத்து ஒரே ஓட்டமாக அனுப்புவது இன்னொரு முறை. முறை எதுவானாலும், 'இந்த நேரத்தில் நிறுத்து' என்று யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

விதிகள் மாறிவந்த பாதை

2010 டிசம்பரில் ஐந்து விநாடிக்குப் பின் தவிர்க்கக்கூடிய விளம்பர முறையை யூடியூப் கொண்டுவந்தது. அது பார்ப்பவரின் பொறுமைக்கு ஓரளவு மதிப்புக் கொடுத்த மாற்றம். பல ஆண்டுகள் 10 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளில் மட்டுமே இடைவிளம்பரம் வைக்க முடிந்தது. 2020 ஜூலை இறுதியில் அந்த எல்லை 8 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. தகுதியுள்ள காணொளிகளில் இடைவிளம்பரம் தானாகவே இயங்கும் நிலையும் அப்போது வந்தது. வேண்டும் என்பவர் இயக்கிய காலம் போய், வேண்டாம் என்பவர் தேடிச் சென்று அணைக்க வேண்டிய காலம் வந்தது.

அதே 2020 நவம்பரில் இன்னொரு விதி மாறியது. வருவாய்த் திட்டத்தில் சேராதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் காட்டும் உரிமையை நிறுவனம் தன் சேவை விதிகளில் எழுதிக்கொண்டது. முதலில் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டில் பிற நாடுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. விளம்பர வருவாயில் பங்குபெற ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், பொதுவான வழியில் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஊர்ப்புறத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்காக மட்டும் பாடங்களைப் பதிவேற்றினால் இந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. அவருடைய பாடத்தில் விளம்பரம் வரலாம். வருவாயில் அவருக்குப் பங்கில்லை. இடத்தை அமைக்கும் பக்கமும் அவருக்குத் திறக்காது. இது அதிகம் பேசப்படாத அநீதி.

அண்மைய மாற்றம் 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்கியத்தின் நடுவிலும் விறுவிறுப்பான காட்சியின் நடுவிலும் விளம்பரம் வருவதைக் குறைத்து, பேச்சு நிற்கும் இடங்களிலும் காட்சி மாறும் இடங்களிலும் கூடுதலாகக் காட்டுவோம் என்று நிறுவனம் அறிவித்தது. கையால் வைத்த குறி இடையூறான இடத்தில் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் வசதியும் ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டது. கூடவே, 2025 பிப்ரவரி 24க்கு முன் பதிவேற்றப்பட்டு, கையால் மட்டும் குறிகள் இடப்பட்ட பழைய காணொளிகளில் கணினி தானாகவே கூடுதல் இடங்களைச் சேர்க்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. விரும்பாதவர் அதை அணைத்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்தின் நல்ல பகுதியைப் பாராட்ட வேண்டும். வாக்கியத்தை நடுவில் வெட்டுவது தவறு என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வாகப் பாடத்தை அறிந்தவரிடம் செல்லாமல் கணினியிடம் சென்றதுதான் ஆராய வேண்டியது.

மௌனம் எல்லாம் இடைவெளி அன்று

பேச்சு நிற்கும் இடம் இயல்பான இடைவேளை என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. சமையல் காணொளிக்கும் பயணக் காணொளிக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். பாடத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

நல்ல ஆசிரியர் கேள்வி கேட்டவுடன் விடை சொல்வதில்லை. கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுக்கிறார். மாணவர் மனத்தில் விடை உருவாகும் நேரம் அதுதான். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் புகழ்பெற்றவை. வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்த அவர், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு விநாடி மட்டுமே பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன; விடை சொல்லும் மாணவர்களின் எண்ணிக்கையும் கூடியது. பி.எட். படித்தவர்கள் இதைக் காத்திருப்பு நேரம் என்ற பெயரில் படித்திருப்பார்கள். வகுப்பில் பல்லாண்டுகள் நின்ற எவருக்கும் படிக்காமலே தெரியும்.

இப்போது அந்த மூன்று விநாடி மௌனத்தைக் காலக்கோட்டில் பாருங்கள். ஒலி தாழ்ந்திருக்கிறது. காட்சியும் அசையவில்லை. கரும்பலகை, அதில் ஒரு கேள்வி, அருகில் ஆசிரியர். கணினிக்கு இது விளம்பரத்துக்கு வாய்ப்பான இடமாகத் தெரிய எல்லாக் காரணமும் உண்டு. மாணவருக்கோ பாடம் முழுவதிலும் மிகவும் விலைமதிப்புள்ள மூன்று விநாடிகள் அவை. அந்த இடத்தில் ஒரு வங்கிக் கடன் விளம்பரமோ விளையாட்டுச் செயலி விளம்பரமோ புகுந்தால், கேள்வி மனத்திலிருந்து விழுந்துவிடும். விளம்பரம் முடிந்து திரும்பும்போது ஆசிரியர் விடையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மாணவர் விடையைக் கேட்பார். ஆனால் சிந்தித்திருக்க மாட்டார்.

மொழி பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. வினையெச்சங்களை அடுக்கி நீண்ட வாக்கியம் பேசுவது நம் இயல்பு. 'இந்தப் பக்கத்தை நீட்டி, அதற்கு இணையாக ஒரு கோடு வரைந்து, அது வெட்டும் புள்ளிக்குப் பெயரிட்டு...' என்று ஆசிரியர் ஒவ்வோர் எச்சத்திலும் நின்று, பலகையில் வரைந்து, பிறகு தொடர்வார். ஒவ்வொரு நிறுத்தமும் காதுக்கு ஓய்வுதான். ஆனால் பொருள் எங்கும் முடியவில்லை. வினைமுற்று வந்த பிறகே பொருள் முடிகிறது. ஒலியின் அளவைக் கொண்டு மௌனத்தை அளப்பது எளிது. அது எச்சத்தில் நிற்கும் மௌனமா, முற்றில் நிற்கும் மௌனமா என்று அறிய மொழியும் பாடமும் தெரிய வேண்டும்.

பட்டிமன்றப் பதிவுகளில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். பேச்சாளர் ஒரு நகைச்சுவையைச் சொல்கிறார், கைதட்டல் எழுகிறது, பேச்சு நிற்கிறது. கைதட்டல் அடங்கியதும் அந்த நகைச்சுவையைத் தம் வாதத்தோடு கட்டுகிறார். கைதட்டலில் வெட்டினால் நகைச்சுவை மட்டும் மிஞ்சும், வாதம் போய்விடும். இயல்பான இடைவேளை ஒரு பேச்சாளர் அமர்ந்து அடுத்தவர் எழும் இடமே. அரங்கில் இருக்கும் சிறுவனுக்கும் அது தெரியும்.

கணிதத்தில் சேதம் இன்னும் கூடுதல். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988 முதல் வளர்த்தெடுத்த அறிதல் சுமைக் கோட்பாடு, ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடிய புதிய செய்திகள் மிகச் சிலவே என்ற உண்மையின் மேல் நிற்கிறது. ஒரு நிறுவலின் நான்காம் படியில் இருக்கும் மாணவர் முதல் மூன்று படிகளையும் மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கிறார். அந்நேரத்தில் முப்பது விநாடி வேறொன்று ஓடினால் ஏந்தியது சிந்திவிடும். பின்னோக்கிச் சென்று முதலிலிருந்து பார்க்கும் மாணவர்கள் உண்டு. 'கணக்கு எனக்கு வராது' என்று மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கவலை இரண்டாமவரைப் பற்றியது.

உச்சத்தில் விளம்பரம்

2025 மே மாதம், விளம்பரதாரர்களுக்காக நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சியில் பீக் பாயிண்ட்ஸ் என்ற புதிய விளம்பர முறையை யூடியூப் அறிவித்தது. கூகுளின் ஜெமினி செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, பார்ப்பவர்கள் மிகவும் ஒன்றியிருக்கும் தருணங்களைக் கண்டறிந்து, அவற்றை ஒட்டி விளம்பரம் வைப்பது அதன் நோக்கம்.

இதே மாதத்தில்தான் இடையூறு குறைந்த இடங்களில் விளம்பரம் வைப்போம் என்ற மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று காணொளியை உருவாக்குபவர்களிடம் சொல்லப்பட்டது: கவனம் தளரும் இடத்தில் நிறுத்துவோம். மற்றொன்று விளம்பரதாரர்களிடம் சொல்லப்பட்டது: கவனம் உச்சத்தில் இருக்கும் இடத்தை உங்களுக்குத் தருவோம். உச்சம் முடிந்த உடனேயே ஓர் இயல்பான நிறுத்தம் வரும் காணொளிகளில் இரண்டும் ஒத்துப்போகலாம். பாடத்தில் ஒத்துப்போகாது. ஒரு கருத்து புரிந்த கணமே பாடத்தின் உச்சம். அடுத்த சில விநாடிகளில்தான் அந்தப் புரிதல் மனத்தில் படிகிறது. புரிந்ததை மாணவர் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் அந்த நேரத்தை விற்பனைக்கு வைப்பது சரியாகாது.

கல்விக்கு விளம்பரம் இடையூறு என்பதை நிறுவனம் அறியாததும் அன்று. 2022 செப்டம்பரில் கல்விச் செயலிகளுக்கென ஒரு தனி இயக்கியை யூடியூப் அறிவித்தது. விளம்பரமும் வெளி இணைப்புகளும் பரிந்துரைகளும் இல்லாமல் காணொளி ஓடுவது அதன் சிறப்பு. ஒப்பந்தம் செய்துகொண்ட கல்வி நிறுவனங்களின் செயலிகள் வழியே பார்ப்பவருக்கு அந்த வசதி. நேரடியாகத் தேடிவந்து பார்க்கும் மாணவருக்கு அது இல்லை. பணம் செலுத்தி விளம்பரமின்றிப் பார்க்கும் யூடியூப் பிரீமியம் திட்டம் 2019 முதல் இந்தியாவில் உண்டு. பெற்றோரின் கைபேசியை மாலையில் ஒரு மணிநேரம் வாங்கிப் படிக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

தொலைக்காட்சிக்கு உள்ள வரம்பு

இந்தியாவில் தொலைக்காட்சிக்கு இது குறித்து விதிகள் உள்ளன. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், ஒரு மணிநேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரத்துக்கு, 2 நிமிடம் அந்த அலைவரிசையின் சொந்த அறிவிப்புகளுக்கு. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் இதைவிட ஒருபடி மேலே சென்றன. இரண்டு இடைவேளைகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிடம், திரைப்படமாக இருந்தால் 30 நிமிடம் இருக்க வேண்டும். நேரடி விளையாட்டு ஒளிபரப்பில் ஆட்டம் நிற்கும்போது மட்டுமே விளம்பரம் வரலாம் என்று அவை வகுத்தன. அளவை மட்டுமன்றி இடத்தையும் பேசிய விதிகள் இவை. ஒளிபரப்பாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2013 திருத்தத்தில் இடம் பற்றிய பகுதிகள் போய், 12 நிமிட அளவு மட்டும் எஞ்சியது. அதையும் எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒலி-ஒளி ஊடகச் சேவை நெறிமுறையில் இடம் பற்றிய பேச்சு இன்றும் இருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரம் நிகழ்ச்சியின் முழுமையைக் கெடுக்காமல், அதன் இயல்பான இடைவேளைகளைக் கருத்தில் கொண்டு வர வேண்டும் என்கிறது அது. குழந்தைகள் நிகழ்ச்சி 30 நிமிடத்தைத் தாண்டினால் மட்டுமே நடுவில் விளம்பரம் வரலாம். வழிபாட்டு ஒளிபரப்பின் நடுவில் வரவே கூடாது. சில நிகழ்ச்சிகளை வெட்டக்கூடாது என்று சமூகம் முடிவு செய்து சட்டத்தில் எழுதலாம் என்பதற்கு இது சான்று. கேபிள் விதியின் 12 நிமிட வரம்பு இந்திய யூடியூப் காணொளிக்குப் பொருந்துவதில்லை. வகுப்பறையின் ஒரு பகுதி திரைக்கு நகர்ந்துவிட்ட காலத்தில், பாடக் காணொளிகளுக்காவது இடம் பற்றிய ஒரு விதி வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

நேரலையில்

நேரலையில் சிக்கல் வேறு. பதிவுசெய்த காணொளியில் விளம்பரம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நேரலையில் முழுத்திரை விளம்பரம் ஓடும்போது பேசுபவர் நிறுத்துவதில்லை. பார்ப்பவர் பின்னோக்கிச் செல்லாவிட்டால் அந்தப் பகுதி அவருக்கு இல்லை.

கிரிக்கெட் ஒளிபரப்பில் இதற்கு வழி உண்டு. ஆறு பந்துக்கு ஒருமுறை ஓவர் முடிகிறது. விக்கெட் விழுந்தால் அடுத்த ஆட்டக்காரர் வர நேரமாகிறது. ஒளிபரப்பின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்த நேரத்தில் ஓட்டத்துக்குள் ஒரு குறியைச் செலுத்துகிறார். எஸ்.சி.டி.இ-35 என்னும் தரத்தில் அமைந்த அந்தக் குறியைக் கண்டதும் விளம்பரம் புகுகிறது. முடிந்ததும் ஆட்டம் திரும்புகிறது. அங்கே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார். ஐ.பி.எல். ஆட்டங்களிலோ ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு முறை, தலா இரண்டரை நிமிடம் ஆட்டமே நிறுத்தப்படுகிறது. விளம்பரத்துக்கும் அது வசதியாகிறது.

யூடியூப் நேரலையில் பாடம் நடத்தும் தகுதியுள்ள சேனல்களுக்கும் இதில் சிறிய பங்கு உண்டு. நேரலைக் கட்டுப்பாட்டு அறைப் பக்கத்தில் தாமே பொத்தானை அழுத்தி விளம்பரத்தைப் புகுத்தலாம். தானியங்கி முறையை வைத்திருந்தால், முக்கியமான பகுதி வருகிறது என்று தெரிந்ததும் விளம்பரத்தைப் 10 நிமிடம் தள்ளிப்போடலாம். இதற்கு உதவியாக ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. பாடம் நடத்துபவரே பொத்தானையும் கவனிக்க முடியாது.

மறுபக்க நியாயம்

விளம்பரமே கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. நீண்ட காணொளிகளில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு உருவாக்குபவருக்குக் கிடைக்கிறது. நூலுக்குக் கிடைக்கும் பதிப்புரிமைத் தொகையோடு ஒப்பிட்டால் இது குறைந்த பங்கு அன்று. ஒளிப்பதிவுக் கருவி, விளக்கு, ஒலிவாங்கி, படத்தொகுப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்துக்குப் போக முடியாத மாணவர் இலவசமாகப் படிக்க முடிவது இந்த வருவாயால்தான்.

தானியங்கி முறைக்கும் நியாயம் உண்டு. முந்நூறு காணொளிகள் வைத்திருக்கும் ஒருவர் ஒவ்வொன்றையும் திறந்து குறி வைப்பது பெரும் வேலை. கையால் குறி வைத்தவர்கள் எல்லாரும் நன்றாக வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தவர்கள் பலர். அவர்களைவிடக் கணினி மேல்.

ஆனால் வணிகமும் படைப்பும் ஒத்துப்போக முடியும் என்பதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அது தமிழ்த் திரைப்படத்தின் இடைவேளை. திரையரங்கில் தேநீரும் சோளப்பொரியும் விற்க அது தேவை, யாரும் மறைத்ததில்லை. ஆயினும் அது எந்தக் காட்சியில் வர வேண்டும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கிறார். கதையை அதற்கேற்ப எழுதுகிறார். அதனால் இடைவேளை கதையைக் கெடுக்காமல் அதற்கு வலுவூட்டுகிறது. விற்பனை குறைந்தும் போகவில்லை. முடிவெடுத்தவர் படைப்பை அறிந்தவராக இருந்ததுதான் காரணம்.

பாடக் காணொளி செய்வோர் செய்யக்கூடியவை

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருவாய்த் திட்டத்தில் உள்ள ஆசிரியர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில.

முதலாவது, இடைவேளையைப் பாடத்திட்டத்திலேயே எழுதுங்கள். நாற்பது நிமிடப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு வடிவியலில் தேல்ஸ் தேற்றம். முதல் ஆறு நிமிடம் வடிவொத்த முக்கோணங்களை நினைவூட்டல். அடுத்து பதினொரு நிமிடம் தேற்றமும் நிறுவலும். பிறகு பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்காட்டுக் கணக்குகள் இரண்டு. இறுதியில் மறுதலைத் தேற்றமும் தொகுப்பும். இதில் இடைவேளைக்கு ஏற்ற இடங்கள் இரண்டே. நிறுவல் முடிந்து 17ஆம் நிமிடத்தில் ஒன்று; கணக்குகள் முடிந்து 29ஆம் நிமிடத்தில் ஒன்று. நிறுவலின் நடுவில் ஒன்றுகூடக் கூடாது. 6ஆம் நிமிடத்திலும் வேண்டாம். நினைவூட்டியதை உடனே பயன்படுத்தப் போகிறோம்.

இரண்டாவது, அந்த இடங்களைப் பதிவின்போதே உருவாக்குங்கள். 'இத்துடன் நிறுவல் முடிந்தது. அடுத்து ஒரு கணக்கைப் பார்ப்போம்' என்று சொல்லி, மூன்று விநாடி தலைப்புப் பலகையைக் காட்டுங்கள். காலக்கோட்டில் அந்தப் பலகையின் மேல் குறியை வையுங்கள். கணினி தேடினாலும் அது அகப்படும். மாணவருக்கும் தொடர்ச்சி அறாது. திரும்பி வந்ததும் முன்பகுதியை ஒரு வரியில் சொல்லித் தொடங்கினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, காணொளியை அத்தியாயங்களாகப் பிரியுங்கள். விவரப் பகுதியில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக்குறிப்புகளை எழுதினால் போதும். அத்தியாயம் முடியும் இடமும் விளம்பர இடமும் ஒன்றாக இருக்கட்டும். விட்ட இடத்தைத் தேடும் மாணவருக்கும் அது உதவும்.

நான்காவது, எட்டு நிமிட எல்லைக்காகப் பாடத்தை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியதை எட்டு நிமிடம் பேசி இடைவிளம்பரத்துக்குத் தகுதி தேடுவது மாணவரின் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்வதாகும். இடைவிளம்பரத்தின் மிகப்பெரிய தீங்கு இதுவே என்றுகூடச் சொல்லலாம். விளம்பரம் வராத நேரத்திலும் அது பாடத்தைக் கெடுக்கிறது.

ஐந்தாவது, கையால் குறி வைத்தபின் தானியங்கி முறையை அணைத்திருக்கிறோமா என்று சரிபாருங்கள். பழைய காணொளிகளில் அதிகம் பார்க்கப்படும் பத்தை மட்டும் எடுத்து, மாணவரைப்போல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை பாருங்கள். குறி எந்தச் சொல்லின்மேல் விழுகிறது என்று கவனியுங்கள். வினைமுற்றின்மேல் விழுந்தால் இருக்கட்டும். எச்சத்தின்மேல் விழுந்தால் நகர்த்துங்கள்.

முடிவுரை

யூடியூபின் விளம்பர இடைவேளை வசதி தொழில்நுட்பத்தில் குறையுடையது அன்று. விநாடி சுத்தமாகக் குறி வைக்கலாம், நகர்த்தலாம், முன்னோட்டம் பார்க்கலாம். குறை அதன் இயல்புநிலையில் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் முடிவு கணினியிடம் போகிறது. அந்த முடிவு எப்போது மாறுகிறது, எந்த அறிவிப்போடு மாறுகிறது என்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பாடக் காணொளி என்று உருவாக்குபவர் குறித்தால், அவர் வைத்த இடங்களைத் தவிர வேறெங்கும் இடைவிளம்பரம் வராது என்ற ஒரு விதியை நிறுவனம் கொண்டுவரலாம். குழந்தைகளுக்கான காணொளி என்று குறித்தால் தனிப்பட்ட விவரங்களைக் கொண்டு விளம்பரம் காட்டுவதில்லை என்ற விதி 2020 முதல் இருக்கிறது. ஒரு குறியீட்டால் நடத்தையை மாற்ற முடியும் என்பதை அதுவே காட்டுகிறது.

அதுவரை பொறுப்பு ஆசிரியர்களிடம் இருக்கிறது. மாணவர்களுக்கும் ஒரு சொல். பாடத்தின் நடுவில் விளம்பரம் வந்து எண்ணம் அறுந்தால், அது உங்கள் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பத்து விநாடி பின்னோக்கிச் சென்று, கேள்வியை மறுபடி கேட்டு, காணொளியை நீங்களே நிறுத்திவிட்டு விடையை எழுதிப் பாருங்கள். எந்த நிமிடத்தில் இடையூறு வந்தது என்று காணொளியின் கீழே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். பலருக்கு அது வந்ததே தெரிந்திருக்காது. அந்த நேரக்குறிப்பு கிடைத்தால் போதும். குறியை நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகாது.